அலுமாரி வீங்கியது, சம்பளம் குறைந்தது: மட்டக்களப்புத் தளபாடக் கடை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு நகரில் அலுமாரி, கட்டில், செற்றி, மெத்தை, திரைச்சீலை எல்லாம் விற்கும் கடை ஒன்றில், 2025 ஆம் ஆண்டில் மட்டும் விற்பனைப் பகுதிப் பிள்ளைகளில் பாதிப்பேர் வேலையை விட்டுப் போனார்கள். போனவர்களுக்கு வெளிநாட்டு விசாவும் வரவில்லை, அரசாங்க உத்தியோகமும் கிடைக்கவில்லை. ஒருவர் பக்கத்துத் தெருப் புடைவைக் கடைக்கு, அதுவும் குறைந்த சம்பளத்துக்குப் போனார். முதலாளிக்கு அதுதான் விளங்கவில்லை. "இப்பத்தைப் பிள்ளைகள் ஒரு இடத்தில நிலைக்கிறாங்க இல்ல தங்கச்சி, என்னண்டு ஒருக்காப் பாருங்க" என்றார்.

இப்படிச் சில கடைகளுக்குச் சம்பளக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். இந்தக் கடையின் சம்பளச் சீட்டுகள் அதுவரை என்னிடம் வந்ததில்லை, மனேஜரே எழுதி வந்தார். அவற்றைப் பார்த்தேன். வேலையில் இருப்பவர்களோடும், போனவர்களில் பேச இணங்கியவர்களோடும் பேசினேன். முதலாளியின் சம்மதத்தோடும் சம்பந்தப்பட்ட பெண்ணின் சம்மதத்தோடும் இதை எழுதுகிறேன். யாரென்று அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். கணக்குகள் உண்மையானவை, ஆனால் தொகைகளை முழு எண்ணுக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

கடையும் அதன் பருவமும்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தளபாட வியாபாரம் மற்ற மாவட்டங்களைப் போல நடப்பதில்லை. இங்கே பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது வழமை. தமிழரிடமும் அப்படித்தான், முஸ்லிம்களிடமும் அப்படித்தான். வீடு என்றால் வெறும் சுவரும் கூரையும் போதாது. கட்டில், மெத்தை, அலுமாரி, கண்ணாடி மேசை, செற்றி, சாப்பாட்டு மேசை, ஜன்னலுக்கெல்லாம் திரைச்சீலை என்று ஒரே மாதத்தில் வாங்கித் தீர்க்க வேண்டும். அதனால் இந்தக் கடைகளில் ஒரு வாடிக்கையாளர் என்பது ஒரு குடும்பம். அம்மா, பெரியம்மா, மூத்த மகள், மணப்பெண் என்று நான்கைந்து பேர் வருவார்கள். முதல் தடவை பார்ப்பார்கள். அப்புறம் காத்தான்குடியில் விலை கேட்பார்கள், கல்முனைக்கும் போய் வருவார்கள். பிறகுதான் முடிவு. முடிவெடுக்கும் ஆள் பல நேரம் கடையிலேயே இருக்க மாட்டார். சுவிஸிலோ கட்டாரிலோ இருக்கும் அண்ணனுக்கு வட்ஸ்அப் வீடியோவில் செற்றியைக் காட்ட, விற்பனைப் பிள்ளை தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு கடையைச் சுற்றி நடக்க வேண்டும். அங்கே ஷிப்டில் நிற்கிற மனுசனுக்கு நிறம் சரியாகத் தெரியாது. "கொஞ்சம் வெளிச்சத்துக்குக் கொண்டாங்க" என்பார். இருபது நிமிடம் போய்விடும்.

விற்பனை நெல்லோடு சேர்ந்தே ஏறி இறங்கும். மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடைக் காசு வரும். ஆவணியில் சிறுபோகக் காசோடு கல்யாணங்களும் வரும். ஆடியிலும் மார்கழியிலும் கடை படுத்துவிடும். நோன்புப் பெருநாளுக்கு முன் திரைச்சீலைக்கு மட்டும் தனிக் கூட்டம் வரும். ஆக, கொமிஷனில் வாழ்கிற ஆளுக்கு வருடத்தில் சில மாதங்கள்தான் நல்ல மாதங்கள்.

இந்தக் கடையில் எத்தனை பேர் வேலை என்று கேட்டபோது "எட்டுப் பேர்" என்றார் முதலாளி. காட்சியறையில் நிற்பவர்களும் காசாளரும் எட்டு. பின்பக்கம் திரைச்சீலை தைக்கும் இரண்டு பெண்கள், வாகன ஓட்டிகள் இருவர், ஏற்றி இறக்கும் பொடியன்கள் நான்கு பேர். அவர்களை அவர் எண்ணவில்லை. நாட்கூலி என்பதால் எண்ணத் தேவையில்லை என்று நினைத்திருந்தார். ஆனால் அவர்களையும் சேர்த்தால் தினமும் வேலைக்கு வருவது பதினாறு பேர். இது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

நின்றே தீர்கிற நாள்

காலை எட்டரைக்குக் கடை திறக்கும். முதல் ஒரு மணி நேரம் துப்புரவு. கண்ணாடி மேசையில் கை அடையாளம் இருக்கக்கூடாது. கறுப்பு நிறப் பலகையில் தூசி ஒரு நாளிலேயே படியும். தெருவோரக் கடை என்பதால் பஸ் போகிற ஒவ்வொரு தடவையும் படியும். மெத்தைகளின் பொலித்தீன் உறையைக் கிழியாமல் நிமிர்த்தி அடுக்க வேண்டும். ஆறடி நீளம், ஐந்தடி அகல மெத்தையை இரண்டு பெண்கள் மாடிக்குத் தூக்குவதை நான் பார்த்தேன். லொறிப் பொடியன்கள் காலையிலேயே வெளியே போய்விடுகிறார்கள், வேறு ஆள் இல்லை.

பிறகு நிற்க வேண்டும். ஆள் இல்லாத நேரம் மின்விசிறி போடக்கூடாது என்பது கடையின் சட்டம். வாடிக்கையாளர் படியேறினால்தான் விசிறி சுற்றும். சுற்றிலும் நாற்பது ஐம்பது கதிரைகளும் செற்றிகளும் இருக்க, அவற்றில் ஒன்றிலும் ஊழியர் உட்காரக்கூடாது. கேட்டபோது எல்லாரும் முதலில் சொன்னது சம்பளத்தை அல்ல, இதைத்தான். மாதவிடாய் நாட்களில் ஸ்டோருக்குள் போய், சுற்றி வைத்த கார்ப்பெட்டின் மேல் ஐந்து நிமிடம் இருந்துவிட்டு வருவோம் என்று இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். கேரளம் 2018 இலும் தமிழ்நாடு 2021 இலும் கடை ஊழியருக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தின. புடைவைக் கடைகளில் பன்னிரண்டு மணி நேரம் நின்ற பெண்கள் போராடிப் பெற்றது அது. காலில் நரம்பு புடைத்த இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளை மட்டக்களப்பிலும் காணலாம்.

வேலையில் அறிவு தேவைப்படுகிற பகுதி திரைச்சீலைதான். வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரியாது, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஜன்னல் 5 அடி அகலம் என்றால் 60 அங்குலம். மடிப்பு அழகாக விழ இரண்டு மடங்கு துணி வேண்டும், அதாவது 120 அங்குலம். துணியின் அகலம் 54 அங்குலம் என்றால் மூன்று துண்டு வெட்ட வேண்டும். உயரம் 7 அடி, அதாவது 84 அங்குலம். மேல் மடிப்புக்கும் கீழ் மடிப்புக்கும் 10 அங்குலம் சேர்த்தால் ஒரு துண்டு 94 அங்குலம். மூன்று துண்டுக்கு 282 அங்குலம், ஏறக்குறைய எட்டு யார் (ஒரு யாருக்கு 36 அங்குலம்). பூப்போட்ட துணி என்றால் பூவுக்குப் பூ பொருந்த இன்னும் கூட வேண்டும். இவ்வளவையும் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று "கொஞ்சம் குறைச்சுப் போடுங்க மகள்" என்று சொல்லிக்கொண்டிருக்க, தலைக்குள் கணக்குப் பார்த்து எழுத வேண்டும். ஓர் இலக்கம் பிழைத்தால் எட்டு யார் துணி வீண். அந்தத் துணிக் காசு அளந்த பிள்ளையின் சம்பளத்தில் வெட்டப்பட்டது. இதைச் சொல்லிக் கொடுக்கக் கடையில் யாரும் இல்லை. தையல் அக்காவிடம் பார்த்துப் பழகியதுதான் எல்லாருக்கும் பயிற்சி.

மாலை ஏழரைக்குக் கடை பூட்டும். பூட்டுகிற நேரத்தில் ஒரு குடும்பம் உள்ளே வந்தால் எட்டே கால் ஆகும். வவுணதீவுப் பக்கம் போகிறவர்கள் வலையிறவுப் பாலத்தைத் தாண்டும் பஸ்ஸைத் தவறவிட்டால் வீட்டிலிருந்து யாராவது மோட்டார் சைக்கிளில் வரவேண்டும். அந்தப் பெற்றோல் காசை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

அந்த அலுமாரி

வேலையை விட்டவர்களில் ஒருவருடைய கதையை எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்களின் கதைகளும் இதைச் சுற்றியே வருகின்றன.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பெண். உயர்தரம் முடித்தவர். மூன்று வருடம் இந்தக் கடையில் இருந்தவர், கடையின் நல்ல விற்பனையாளர்களில் ஒருவர். 2025 ஆவணியில் கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து ஒரு குடும்பம் மகளின் புதுவீட்டுக்குப் பொருள் வாங்க வந்தது. கட்டில், செற்றி, மூன்று கதவு அலுமாரி. கட்டில் தேக்கு. அலுமாரிக்குக் காசு போதவில்லை. அதனால் மெலமைன் பூசிய பார்ட்டிகல் போர்ட் அலுமாரி ஒன்றைத் தவணைக்கு எடுத்தார்கள். கடை அட்டையில் "மர அலுமாரி" என்று மட்டும் எழுதியிருந்தது.

பார்ட்டிகல் போர்ட் என்பது மரத்தூளையும் சிறு சிராய்களையும் பசையால் அழுத்திச் செய்த பலகை. மேலே இருக்கும் மெலமைன் தண்ணீரைத் தாங்கும், துடைத்தால் பளபளக்கும். வெட்டிய ஓரம் தாங்காது. ஓரத்தில் ஒட்டிய பட்டி விட்டுப்போன இடத்தால் ஈரம் உள்ளே போனால் பலகை வீங்கும். வீங்கியது காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. புதிதாகப் பூசிய சுவரும் புதுச் சீமெந்துத் தரையும் வாரக்கணக்கில் ஈரம் விட்டுக்கொண்டே இருக்கும். மேலதிகமாக, எங்கள் பக்கத்தில் தினமும் தரையைத் தண்ணீர் ஊற்றித்தான் துடைப்போம். கால் இல்லாமல் தரையோடு தரையாக நிற்கும் அலுமாரிக்கு இதைவிடக் கெட்ட இடம் இல்லை.

ஐப்பசி வருவதற்குள் அலுமாரியின் அடிப்பலகை வீங்கி, நடுக்கதவு மூடமுடியாமல் போனது. மாரி மழை தொடங்கவே இல்லை. குடும்பம் தவணை கட்டுவதை நிறுத்தியது. "மரம் எண்டுதானே வித்தீங்க" என்று அந்த அம்மா கடைக்கு வந்து கேட்டார். வாசலில் வைத்து, மற்ற வாடிக்கையாளர் முன்னால், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக் கேட்டார். மனேஜர் உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. கடைசியில் கடை அலுமாரியைத் திருப்பி எடுத்தது. அப்புறம் இரண்டு விஷயம் நடந்தது. அலுமாரிக்குக் கொடுத்த கொமிஷனைத் திரும்பப் பிடித்தார்கள். சேதத்தில் ஒரு பங்கை அந்தப் பெண்ணின் பெயரிலும் ஒரு பங்கை ஏற்றி இறக்கிய பொடியன்கள் பெயரிலும் போட்டு, மூன்று மாதம் வெட்டுவதாகத் தீர்மானித்தார்கள். முதல் மாத வெட்டோடு அவர் வேலையை விட்டார்.

நான் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி. அந்தப் பலகை புதுவீட்டுத் தரையில் நிற்காது என்று உங்களுக்குத் தெரியாதா?

"தெரியும் அக்கா. எங்கட வீட்டிலயும் அதே மாதிரி ஒண்டு வீங்கித்தான் கிடக்கு. சொல்லியிருந்தா அவங்க வாங்கியிருக்க மாட்டாங்க. அந்த மாசம் டாகெட்டுக்கு, விக்கச் சொன்ன தொகைக்கு, அந்த ஒரு அலுமாரிதான் குறைவு. டாகெட் அடிக்காட்டி முழு மாசத்துக் கொமிஷனும் பாதி. மறுகா நான் எப்படி அக்கா சொல்லுற?"

இந்த ஆய்வு முழுவதும் இந்தப் பதிலில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கடையில் பொருளைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஆள் அவர். அந்தக் குடும்பத்துக்கும் கடைக்கும் ஒருசேர நன்மை செய்திருக்கக்கூடிய ஒரு வசனம் அவரிடம் இருந்தது. அந்த வசனத்தைச் சொன்னால் அவருக்குத்தான் காசு நட்டம் என்று கடையின் சம்பள முறை சொல்லி வைத்திருந்தது. சொல்லாமல் விட்டபோதும் நட்டம் அவர் தலையிலேயே விழுந்தது. எந்தப் பக்கம் போனாலும் வெட்டு விழுகிற இடத்தில் ஒரு ஆளை நிறுத்திவிட்டு, ஏன் நிலைக்கவில்லை என்று கேட்பதில் நியாயம் இல்லை. முதலாளியிடமும் இதையே சொன்னேன்.

சீட்டில் இருந்ததும் இல்லாததும்

அலுமாரி விற்ற பெண்ணின் சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளம் 27,000 ரூபாய். 2025 ஏப்ரலிலிருந்து நாட்டின் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் அதுதான், 2026 ஜனவரியில் அது 30,000 ஆனது. அதற்கு மேல் கொமிஷன், ஒரு நடுத்தர மாதத்தில் 13,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 40,000.

ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடம் 8 வீதம், முதலாளியிடம் 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி தனியாக 3 வீதம். கடை இவற்றை 27,000 க்கு மட்டும் கட்டியது. கொமிஷனும் இந்தக் கணக்கில் சேரவேண்டிய வருமானம், சேராதது மேலதிக நேரக் காசு. ஆக, முதலாளியின் பங்காக 3,240 கட்டப்பட்ட இடத்தில் 4,800 கட்டியிருக்க வேண்டும். நம்பிக்கை நிதியத்துக்கு 810 க்குப் பதில் 1,200. இரண்டும் சேர்ந்து மாதம் 1,950 ரூபாய், வருடத்துக்கு 23,400 ரூபாய் அந்தப் பெண்ணின் பெயரில் சேராமல் போனது. மூன்று வருட வேலைக்கு அது எவ்வளவு என்று நானும் அவரும் சேர்ந்து கணக்குப் போட்டபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

முழு வருமானத்துக்கும் கட்டினால் ஊழியரின் 8 வீதமும் ஏறும். இந்தக் கணக்கில் கையில் வருவது 1,040 ரூபாய் குறையும். அதனாலேயே சில பிள்ளைகள் "அடிப்படைக்கு மட்டும் கட்டினாப் போதும்" என்று தாங்களே சொல்கிறார்கள். மாதம் முடிய முன்னமே கடைக் கடன் கட்டவேண்டிய வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் பெரிய காசுதான், அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் முதலாளியின் பங்கு என்பது அவர்கள் கேட்காமலே விட்டுவிடுகிற சம்பளம். அதை எல்லாருக்கும் உட்கார்ந்து விளக்க வேண்டும்.

வேலை நேரத்தைப் பார்ப்போம். கடைகளுக்கும் அலுவலகங்களுக்குமான 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம். அதற்கு மேல் வேலை வாங்கினால் மணித்தியாலச் சம்பளத்தின் ஒன்றரை மடங்கு. மேலதிக நேரமும் வாரத்துக்கு 12 மணியைத் தாண்டக்கூடாது. மாதச் சம்பளத்தை 240 ஆல் வகுத்தால் மணித்தியாலச் சம்பளம். 27,000 க்கு 112.50, ஒன்றரை மடங்கு 168.75. எட்டரையிலிருந்து ஏழரை வரை, சாப்பாட்டு ஒரு மணியைக் கழித்தால் 10 மணி நேரம். ஆறு நாள் வந்தால் 60. வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை என்று சட்டம் சொல்கிற அரை நாள் இந்தக் கடையில் யாருக்கும் கிடைத்ததில்லை. சீட்டில் மேலதிக நேரம் என்று ஒரு வரியே இல்லை. "கொமிஷன் குடுக்கிறம்தானே" என்பது மனேஜரின் பதில். கொமிஷன் விற்றதற்கு, மேலதிக நேரக் காசு நின்றதற்கு. ஒன்றைக் கொடுத்து மற்றதை மறைக்க முடியாது.

போயா (பௌர்ணமி) நாளில் கடை திறந்தால் அன்றைய சம்பளத்தின் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். இந்தக் கடை பாதிப் போயாக்களில் திறந்திருந்தது, சாதாரண நாளாகவே எழுதியது. தீபாவளி வேறு கதை. கடை ஊழியருக்கான எட்டுச் சட்டபூர்வ விடுமுறைகளில் தைப்பொங்கல் இருக்கிறது, சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் இருக்கிறது, மீலாத் நபியும் நத்தாரும் இருக்கின்றன. தீபாவளி இல்லை. அன்று லீவு கிடைப்பது முதலாளியின் மனசைப் பொறுத்தது. தீபாவளிக்கு முந்திய இரவு பத்து மணி வரை மற்றவர் வீட்டுக்குத் திரைச்சீலை கட்டிவிட்டு வந்து, தன் வீட்டுப் பலகாரத்துக்கு மாவு பிசைகிற பெண்களை இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் அந்த வெட்டு. சம்பளத்தில் எதைக் கழிக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் வரையறை உண்டு. நினைத்த தொகையை நினைத்த காரணத்துக்கு வெட்ட முதலாளிக்கு அதிகாரம் இல்லை. அந்தப் பெண்ணிடம் நியமனக் கடிதமே கொடுக்கவில்லை. கொமிஷன் எப்போது உறுதியாகும், எந்தச் சூழ்நிலையில் திரும்பப் பிடிப்பார்கள் என்று ஓர் இடத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுதிக் கொடுக்க வேண்டியது சட்டப்படி முதலாளியின் கடமை.

பதினாறு பேர் என்ற எண்ணுக்கு வருகிறேன். பணிக்கொடைச் சட்டம், 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம், பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்குப் பொருந்தும். ஐந்து வருடம் முடித்து விலகுகிற மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். எட்டுப் பேர் என்று நினைத்துக்கொண்டிருந்த முதலாளி அந்தப் பொறுப்பையே அறியாமல் இருந்தார். சேமலாப நிதிக்கு ஆள் எண்ணிக்கையும் கிடையாது. நாட்கூலி, தற்காலிகம் எல்லாருக்கும் முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். லொறியில் போகும் நான்கு பேருக்கும் ஒரு சதமும் கட்டியிருக்கவில்லை. அவர்களில் ஒருவர் அங்கே பதினொரு வருடமாக மெத்தை தூக்குகிறார்.

இது எங்கே தொடங்கியது

முதலாளியைக் கெட்டவர் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அது சரியாக இராது. 2020 இல் தளபாட இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. 2022 மார்ச்சில் ரூபாயின் பெறுமதியைச் சந்தையிடம் விட்டபோது டொலர் 200 ரூபாயிலிருந்து 360 க்குப் போனது. பலகை, ஆணி, பூட்டு, பஞ்சு எல்லாம் விலையேறியது. தளபாடத்துக்குப் பேர்போன மொரட்டுவையிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் லொறியில் வருகிற சாமானுக்கு டீசல் கிடைக்கவில்லை. கல்யாணத்தையே தள்ளிப்போட்டவர்கள் செற்றி வாங்குவார்களா? தவணைக்குக் கொடுத்தவை திரும்பவில்லை. அந்த வருடம் அவர் ஒருவரையும் நிறுத்தவில்லை. அதற்குப் பதிலாக நிரந்தரச் சம்பளத்தைக் குறைத்து, விற்றால் கொமிஷன், சேதத்தில் பங்கு என்று ஓர் ஏற்பாடு செய்தார். பிள்ளைகளும் வேலை போகாமல் இருந்ததே பெரிது என்று சம்மதித்தார்கள்.

நெருக்கடி தணிந்தது. இறக்குமதித் தடைகள் 2023 இல் படிப்படியாகத் தளர்ந்தன. ஏற்பாடு அப்படியே நின்றுவிட்டது. ஆகக் குறைந்த சம்பளச் சட்டம் வந்தபோது கொடுப்பனவுகளின் பெயரை மாற்றி அடிப்படையோடு சேர்த்தார்கள், அவ்வளவுதான். வியாபாரத்தின் நட்டம் ஒரு வருடத்துக்கு மட்டும் என்றுதான் ஊழியர் தோளில் ஏறியது. பிறகு அதை இறக்கி எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

மாற்றியவை

2026 தை மாதத்தில் முதலாளி, மனேஜர், நான், ஊழியர்களில் மூவர் உட்கார்ந்து பேசினோம். வாகன ஓட்டிகளில் மூத்தவரான ஒரு நானாவும் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) அதில் இருந்தார். முதலாளி முதலில் ஒத்துக்கொண்டது சேதத்துக்குச் சம்பளத்தில் வெட்டுவதை நிறுத்த. அதற்குக் காரணம் சட்டம் என்பதைவிட நானா சொன்ன ஒரு விஷயம். மூன்றாம் மாடியிலிருந்து இறக்கும்போது பொலிஷ் உரசினால் பொடியன்கள் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அந்தப் பக்கத்தைச் சுவரோடு திருப்பி வைத்துவிட்டு வருகிறார்கள் என்றார் அவர். "சொன்னா வெட்டுவீங்க முதலாளி, வெட்டுவீங்க எண்டுதான் சொல்லுறதில்ல." முதலாளி அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். திரும்பி வருகிற முறைப்பாடுகளில் எத்தனை இப்படி மறைத்தவை என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

இப்போது பொருள் இறக்கிய இடத்திலேயே வீட்டுக்காரரும் பொடியன்களும் சேர்ந்து பார்த்து ஒரு தாளில் கையெழுத்து வைக்கிறார்கள். கீறல் இருந்தால் அங்கேயே எழுதுகிறார்கள். திருத்துகிற செலவு கடையுடையது.

அட்டைகளில் பலகையின் பெயர் வந்தது. தேக்கு, மஹோகனி, பார்ட்டிகல் போர்ட், எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்று உள்ளபடி. அலுமாரி விற்கும்போது பிள்ளைகள் கேட்கவேண்டிய கேள்விகளும் ஓடர் தாளில் இருக்கின்றன: வீடு புதிதாகப் பூசியதா, தரை துடைப்பது எப்படி, மாரியில் வீட்டுக்குள் தண்ணீர் வருமா. வரும் என்றால் கால் வைத்த அலுமாரி, அல்லது நான்கு அங்குலம் உயர்த்த அடிக்கட்டை, சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுதல். ஓரப் பட்டி விட்ட இடத்தை அனுப்ப முன் அடைத்துக் கொடுக்கிறார்கள். முதல் இரண்டு மாதம் மலிவு அலுமாரி விற்பனை குறைந்தது. முதலாளி எனக்கு அடிக்கடி போன் எடுத்தது அந்த நாட்களில்தான். பங்குனிக்குப் பிறகு அலுமாரி ஒன்றும் திரும்பி வரவில்லை என்பதை அவரே கவனித்துச் சொன்னார். திரும்பி வருகிற அலுமாரி என்றால் லொறிக் காசு இரண்டு தடவை, விற்க முடியாத சாமான், தெருவெல்லாம் கெட்ட பெயர். இந்த ஊரில் ஒரு கல்யாண வீட்டில் பேசப்படும் பேச்சு அடுத்த பத்துக் கல்யாணத்துக்குப் போகும்.

கொமிஷனில் டாகெட் அடிக்காவிட்டால் பாதி என்ற விதி போய்விட்டது. விற்ற அளவுக்கு உள்ளது உள்ளபடி, பொருள் இறங்கிய நாளில் உறுதி, பிறகு திரும்பப் பிடிப்பதில்லை. எல்லாருக்கும் நியமனக் கடிதம் கொடுத்தாகிவிட்டது. கொமிஷன் சேர்த்துச் சேமலாப நிதி கட்டப்படுகிறது. ஸ்டூல்கள் வந்தன, ஆள் இல்லாத நேரம் உட்காரலாம். விசிறி போடுகிற விதியை யாரும் எழுதி மாற்றவில்லை, தானாகவே போய்விட்டது. திரைச்சீலை அளவுக்கு முன்பக்கம் வேலை செய்பவரே இறுதி முடிவு எடுக்காமல், வெட்ட முன் தையல் அக்கா ஒருமுறை கணக்கைச் சரிபார்க்கிறார். அந்தச் சரிபார்ப்புக்கு அவருக்குத் தனிக் கொடுப்பனவு உண்டு. எனக்கு இந்த மாற்றங்களில் மிகவும் பிடித்தது அதுதான். கடையில் பத்து வருடமாக எல்லாருக்கும் தொழில் சொல்லிக் கொடுத்தவருக்கு அதற்கான காசு முதல் தடவையாகக் கிடைக்கிறது.

இன்னும் தீராதவை

வேலை நேரம் முழுதாகச் சரியாகவில்லை. கடை ஏழு மணிக்குப் பூட்டுகிறது, அரை நாள் விடுமுறையைச் சுற்று முறையில் கொடுக்கிறார்கள், மேலதிக நேரம் சீட்டில் வருகிறது. ஆனால் கல்யாண மாதங்களில் வாரத்துக்கு 12 மணி என்ற எல்லையைக் கடக்கத்தான் செய்கிறார்கள். இன்னும் இரண்டு பேரைச் சேர்க்காமல் அது தீராது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

தவணை கட்டாத வீடுகளுக்கு விற்ற பிள்ளையையே அனுப்பிக் காசு கேட்க வைக்கும் வழக்கமும் நிற்கவில்லை. ஒரு இளம்பெண் ஞாயிற்றுக்கிழமை தனியாக யாருடைய வீட்டு வாசலிலோ நின்று கடன் கேட்பது வேலை விவரத்தில் இருக்கக்கூடாத ஒன்று. இதற்குத் தனி ஆள் வைப்பதாக முதலாளி சொல்லியிருக்கிறார்.

பழைய நிலுவைதான் பெரிய பாரம். லொறிப் பொடியன்களுக்கும் தையல் பெண்களுக்கும் கட்டாமல் விட்ட சேமலாப நிதி, கொமிஷனுக்குக் கட்டாமல் விட்டது, இரண்டுக்கும் தாமதக் கட்டணம். அது தாமதத்தைப் பொறுத்து 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை ஏறும். யாராவது முறைப்பாடு செய்து தொழில் திணைக்களம் வரும்வரை காத்திராமல், முதலாளி தானே தொழில் அலுவலகத்துக்குப் போய்ப் பேச வேண்டும் என்று வற்புறுத்தினேன். போனார். தவணையில் கட்ட இணங்கிவந்திருக்கிறார். வேலையை விட்டுப்போனவர்களுக்கும் இது பொருந்தும். அலுமாரி விற்ற பெண்ணுக்கு வெட்டிய முதல் மாதக் காசையும் பிடித்த கொமிஷனையும் திருப்பிக் கொடுத்தார்கள். மறுபடி வரச் சொல்லிக் கேட்டார்கள். அவர் வரவில்லை. இப்போது வவுணதீவில் வீட்டிலிருந்தே திரைச்சீலை அளந்து தைத்துக் கொடுக்கிறார். இந்தக் கடைக்கும் கூலிக்குத் தைக்கிறார், விலையை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டு.